சன்னல்வரை முங்கிய வீடு

சுல்மா டீச்சருக்கு உலகத்தில் ஒரே ஒரு விரோதிதான். அதன் பெயர் அர்த்தம். அவர் ஒட்டி வைத்திருக்கும் பஸ் டிக்கெட்டைப் பார்த்து, இது பஸ் டிக்கெட் என்று யாராவது சொல்லிவிட்டால் முகம் சுண்டிப்போகும். "மஞ்சள், நீள்சதுரம், ஓரத்துல கிழிசல். அவ்வளவுதான். மத்ததெல்லாம் உங்க வியாதி" என்பார். ஐம்பத்து மூன்று வயது, ஒண்டிக்கட்டை, கைவிரல் இடுக்கில் எப்போதும் காய்ந்த பசை. கைகுலுக்கினால் நம் கையிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும்.

லா பாஸ் நகரத்தில் எங்கள் தெரு மலைச்சரிவில் இருக்கிறது. மாடியில் அவருடைய பட்டறை, அடுத்த அறை என்னுடையது. திருவிழா நடனக்காரர்களின் உடுப்பில் ஜரிகையும் ஜிகினாவும் வைத்துத் தைக்கிறவன் நான். நடுவில் இருக்கும் சுவர் அட்டை மாதிரி. அதனால் ஒரு கலைஞர் எப்படி வேலை செய்கிறார் என்பதை வேண்டாம் வேண்டாம் என்றாலும் தெரிந்துகொண்டவன் நான். பஸ் டிக்கெட்டுகளைக் குண்டானில் போட்டு வேகவைப்பார். பழைய எக்ஸ்ரே படங்களை ப்ளீச்சில் ஊறப்போடுவார். சாக்கின் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் கருக விடுவார். பிறகு எல்லாவற்றையும் பலகையில் ஒட்டுவார், உரிப்பார், மறுபடி ஒட்டுவார், சுத்தியலால் ஆணி அடிப்பார். முதல் தடவை அந்தக் கருகல் நாற்றத்துக்குத் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டதே நான்தான்.

ஒரு வருஷம் மழையே வண்ணம் பூசட்டும் என்று ஒரு கித்தானைக் கொல்லையில் புதைத்து வைத்தார். வீட்டுக்காரரின் நாய் அதைத் தோண்டி எடுத்து ஒரு பக்கத்தைக் குதறிவிட்டது. அழப்போகிறார் என்று நினைத்தோம். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் மூலையில் தன் கையெழுத்தைப் போட்டு, கீழே நாயின் பெயரையும் எழுதினார். கண்காட்சிக்கு நாயையும் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்குக் காவலாளியைத் தவிர படத்தைப் பார்க்க வந்தது அந்த நாய் மட்டும்தான்.

சனிக்கிழமை மத்தியானம் ஓவிய வகுப்பு நடத்துவார். சுத்தியல் சத்தத்தை உள்ளே உட்கார்ந்து கேட்டால் எரிச்சல் குறையும் என்று நானும் சேர்ந்தேன். ஓய்வுபெற்ற போக்குவரத்துப் போலீஸ்காரர் காஸ்தோ வருவார். அவர் கையில் எதைக் கொடுத்தாலும் கறுப்பு வெள்ளைப் பட்டையாக வெட்டி ஒட்டி, மனிதர் ரோட்டைக் கடக்கும் கோடாக மாற்றிவிடுவார். சந்தையில் உருளைக்கிழங்கு விற்கும் பசீலியா அக்கா வருவார். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வாடகை அறைதான். எந்த வீட்டுக்காரியும் சுவரில் ஆணி அடிக்க விட்டதில்லை. புருஷனின் படம் அவன் செத்துப் பல வருஷமாகியும் நாற்காலியில்தான் சாய்ந்திருக்கிறது. ஏன் இந்த வகுப்புக்கு வருகிறீர்கள் என்று டீச்சர் முதல் நாள் கேட்டதற்கு, "இங்கயாவது ஆணி அடிக்கலாமில்ல" என்றார். டீச்சருக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துப்போயிற்று, அதில் அர்த்தம் இல்லை என்று நினைத்துக்கொண்டார்.

டிசம்பர் கடைசியில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். வீட்டில் எதற்கும் உதவாமல் கிடக்கிற பொருள், கையில் அடங்குகிற மாதிரி ஒன்று, ஆளுக்கொன்று கொண்டுவர வேண்டும். இந்த ஊரில் அந்த மாதத்தில் அப்படிக் கேட்டால் என்ன வரும் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்கு ஜனவரி இருபத்து நாலு அலசீத்தாஸ் திருவிழா. வீடு வேண்டுமா, கட்டைவிரல் அளவு வீடு வாங்கு. லாரி வேண்டுமா, தீப்பெட்டி அளவு லாரி வாங்கு. அன்றைக்கு உச்சிவேளையில் பூசாரியிடம் நீட்டினால் சாம்பிராணிப் புகை காட்டி, பூவிதழ் தூவி, சாராயம் தெளித்து வாழ்த்துவார். அந்த வருஷத்துக்குள் சின்னது பெரிதாகி வீடு தேடி வரும். வராவிட்டால் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும். எல்லார் வீட்டிலும் உதவாதது என்றால் அதுதான்.

காஸ்தோ தகர லாரி கொண்டுவந்தார். நான் ஒரு குட்டித் தையல் மெஷின். பசீலியா அக்கா மண்ணால் செய்த வெள்ளை வீடு ஒன்றைக் கொண்டுவந்தார். பச்சைக் கதவு, இரண்டு சன்னல். கொடுப்பதற்கு முன்னால் சால்வை நுனியால் துடைத்தார். "வருஷா வருஷம் வாங்குறேன் டீச்சர். வரல. உதவாததுதானே கேட்டீங்க" என்றார்.

டீச்சரும் இந்த ஊரில் பிறந்தவர்தான். ஆனால் அர்த்தத்தோடு அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாதே. எல்லாவற்றையும் வாங்கித் தன் பெரிய பலகையில் பதித்துவிட்டார். லாரி மல்லாந்து, சக்கரம் மேலே. என் தையல் மெஷின் சாக்குத் துணிக்குப் பின்னால், சக்கரம் மட்டும் எட்டிப்பார்க்கிறது. பசீலியா அக்காவின் வீடு இடது கீழ் மூலையில், கொஞ்சம் சாய்ந்து, சன்னல்வரைக்கும் வெள்ளைச் சாந்தில் முங்கி நின்றது. அதற்கு மேலே வெங்காய மூட்டையின் சிவப்பு வலை, பலகை முழுக்கப் பரந்து கிடந்தது. எல்லாம் ஆனதும் டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு, "முடிஞ்சது" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயில் நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. நாய் குதறியதைத் தவிர மற்ற எந்தப் படத்தையும் மறுநாள் சுரண்டிவிடுவதுதான் வழக்கம். இதைச் சுரண்டவில்லை. மார்ச் மாதம் நகரத்துப் பொதுக்கூடத்தில் கண்காட்சிக்கு இடமும் கிடைத்தது.

ஜனவரியில் விடாத மழை. வார்னிஷ் காயவில்லை. இருபத்து நாலாம் தேதி மத்தியானம் சூரியன் தலைகாட்டியதும் நானும் காஸ்தோவும் பலகையைக் கீழே இறக்கித் தெருச் சுவரில் சாய்த்து வைத்தோம். டீச்சர் எதிர்க்கடையில் சூடாக ஊதா மக்காச்சோளக் கூழ் குடிக்கப் போனார். பன்னிரண்டு மணி. தேவாலய மணி அடித்தது, தெருவே புகை. பூசாரி மெலித்தோன் தூபச் சட்டியோடு அந்தப் பக்கமாக வந்தார். இத்தனை குட்டிச் சாமான்களை ஒரே பலகையில் அவர் பார்த்ததில்லை. யாரோ பேராசைக்காரன் என்று நினைத்திருக்கிறார். ஆனாலும் கடமை கடமைதானே. மேலிருந்து கீழ்வரை புகை காட்டினார், பூவிதழை அள்ளித் தூவினார், சாராயத்தை வாயில் வைத்து ஊதியே தெளித்தார். டீச்சர் திரும்பி வந்தபோது ஈர வார்னிஷில் மஞ்சள் இதழ்கள் ஒட்டியிருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "இங்க மஞ்சள் தேவைப்பட்டுச்சு" என்றார்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது பிப்ரவரியில். காஸ்தோவின் மச்சான் மலைப்பாதையில் லாரியை ஓட்டிப்போய் ஆற்றுப் படுகையில் கவிழ்த்துவிட்டான். கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தவன், இனி ஸ்டீயரிங்கைத் தொடமாட்டேன் என்று மாதாவிடம் சத்தியம் செய்துவிட்டு லாரியைக் காஸ்தோவுக்கே கொடுத்துவிட்டான். அது அங்கேயே மல்லாந்து, சக்கரம் மேலே கிடக்கிறது. தூக்கக் கிரேன் அங்கே போகாது. காஸ்தோ ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கட்டிக்கொண்டு போய் அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அடுத்து எனக்கு. அர்ஜென்டினாவுக்குக் குடிபோன என் சித்தப்பா மகன் தன் பெரிய தையல் மெஷினை அனுப்பிவைத்தான். என் அறைக் கதவில் நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்தில் நிற்கிறது, அங்கேயே உட்கார்ந்து தைக்கிறேன். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று வீட்டுக்காரர் அதன் முன்னால் ஒரு மறைப்புத் தொங்கவிட்டார். சாக்கு. நன்றாகக் கவனியுங்கள், சாக்கு.

விஷயம் கேள்விப்பட்டு பசீலியா அக்கா உருளைக்கிழங்குக் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். பலகைக்கு முன்னால் குந்தி, சாந்தில் முங்கிய சன்னலை விரலால் தடவிப் பார்த்தார்.

"டீச்சர், என் வீட்டைக் கொஞ்சம் மேல தூக்கி வச்சிடுங்க."

"அது வீடு இல்லக்கா. இடது பக்கத்துக்கு ஒரு கனம்."

"கனம் உங்களுக்கு. குடியிருக்கப் போறது நான்."

டீச்சர் பிடித்த பிடியில் நின்றார். அதை நிமிர்த்தினால் மேலே இருக்கும் சிவப்பு செத்துவிடும், முழுப் படமும் வலது பக்கமாகச் சரிந்துவிடும் என்றார். சரிந்தால் ஆணி அடித்து நிறுத்திக்கொள்ளலாமே என்றார் அக்கா. காஸ்தோ சும்மா இருக்கமாட்டார், "தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்னக்கா" என்றார். தலைக்கு மேல் போனால் செத்துத் தொலையலாம், சன்னல்வரைக்கும் என்றால் தினமும் இறைக்க வேண்டுமே என்று அக்கா திட்டினார்.

பூசாரியைக் கூட்டிவந்தோம். இருந்தது இருந்தபடிதான் வாழ்த்தினேன், ஒட்டினவர் கையாலேயே எடுத்தால்தான் செல்லும், வேறு யார் தொட்டாலும் வீடே வராது என்று சொல்லிவிட்டார். அதோடு போயிருக்கலாம். வீட்டை எதற்கு முக்கினீர்கள் என்று டீச்சரைக் கேட்டார். டீச்சர் இடது பக்கத்துக் கனத்தை விளக்கினார். பூசாரி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, இடது பக்கம் கனம் வேண்டியதுதான், இன்னொரு செங்கல்லும் வைக்கலாம் என்றார். அக்கா அவருக்குக் கொடுப்பதாகச் சொன்ன உருளைக்கிழங்கைக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து அக்கா பட்டறையிலேயே குடியேறிவிட்டார். பலகைக்கு ஒரு முழம் தள்ளி முக்காலி போட்டு, வீட்டை முறைத்தபடி கிழங்கு தரம்பிரிப்பார். டீச்சர் ஒருநாள் என் சாக்கு மறைப்புக்குள் வந்து படியில் உட்கார்ந்தார். "என் ஆயுசுல ஒரே ஒரு படம் முடிஞ்சிருக்கு. அதையும் பிச்சுக் கொடுன்னா எப்படி?" என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் நாற்காலியில் சாய்ந்திருக்கும் அந்தப் புருஷன் படமும் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் ஜிகினா கோத்துக்கொண்டிருந்தேன்.

கண்காட்சி திறப்பு நாளில் கூடம் நிரம்பி வழிந்தது. கலைக்காக இல்லை. அக்கா சந்தை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். வெங்காயக்காரிகள், மீன்காரிகள், அவர்கள் மருமகள்கள் எல்லாரும் வந்து, பலகையில் மூக்கை வைத்து, தங்கள் பொருள் ஏதாவது இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தார்கள். காவலாளி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு டீச்சர் வந்தார். கையில் உளி. இரண்டு கண்களும் வீங்கியிருந்தன.

"தள்ளி நில்லுங்கக்கா. நான் பேர்த்துத் தூக்கறேன். நேரா இருக்கான்னு அங்கிருந்து பார்த்துச் சொல்லுங்க."

அக்கா பின்னால் நகர்ந்தார். இத்தனை நாளும் ஒரு முழத் தூரத்தில் உட்கார்ந்து அந்த வீட்டை மட்டுமே பார்த்தவர். கூட்டம் வழிவிட, வழிவிட, பின்னாலேயே போய் ஒயின் மேசையில் இடித்துக்கொண்டு நின்றார். டீச்சர் உளியைச் சாந்தில் வைத்துவிட்டார். முதுகைக் காட்டி நின்ற டீச்சர், சொல்லுங்கக்கா, சொல்லுங்கக்கா என்று இரண்டு தடவை கேட்டார்.

"எடுக்காதீங்க டீச்சர்" என்றார் பசீலியா அக்கா. "அதத் தூக்கினா மேல இருக்கிற சிவப்பு சப்புன்னு போயிடும். வீடு கீழ கெடக்குறதாலதான் அது அப்படிப் பறக்குது."

அந்த வீட்டின் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசியில் அதைக் கேட்டு என்னை அரிப்பீர்கள். அதே வருஷம் வந்தது. சரிவில், கொஞ்சம் சாய்ந்து, ரோடு சன்னலுக்கு நேராகப் போகிற மாதிரி. உள்ளே நின்றால் போகிற வருகிறவர்களின் முழங்கால் தெரியும். மழைக்காலத்தில் அக்கா தினமும் இறைக்கிறார். இறைக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் அன்றைக்கு அப்படிச் சொன்னார். அதனால்தான் எனக்குக் கூடத்தின் நடுவில் அத்தனை பேர் முன்னால் அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

டீச்சர் உளியைக் கீழே வைத்தார். திரும்பி, கூட்டத்துக்குள் அக்காவைத் தேடினார்.

"என்னக்கா சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க."

அக்கா சொன்னார். டீச்சர் இன்னும் கிட்டே வந்து, மறுபடியும் கேட்டார். அக்கா மறுபடியும் சொன்னார். மூன்றாவது தடவையும் கேட்டபோது பசீலியா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எத்தனை தடவை சொல்றது? உங்களுக்குத்தான் கண்ணு இருக்கே, இங்க வந்து நின்னு பாருங்க" என்று டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.