ஒரு கனெக்‌ஷனில் ஒன்பது பேர்

நெட் அக்கா என்றால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால்தான் யோசிப்பார்கள். நாற்பத்தாறு வயது. தோளில் ஒரு கறுப்புப் பை, அதற்குள் இரண்டு ஸ்க்ரூடிரைவர், ஒரு பிரஷ், பத்து மீட்டர் கேபிள், தன்னுடைய பழைய லேப்டாப். கம்ப்யூட்டர் ஆமை வேகத்தில் ஓடுகிறது, நெட் சுற்றிக்கொண்டே நிற்கிறது என்று யார் கூப்பிட்டாலும் அந்தப் பையோடு போய் நிற்பாள்.

அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஓர் இணைய கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளொன்றுக்கு எண்பது, தொண்ணூறு அழைப்புகள். "ரவுட்டரை அணைத்துவிட்டு இரண்டு நிமிடம் கழித்துப் போடுங்கள்" என்று தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று வீட்டில் கிண்டல். முகம் தெரியாதவர்களின் வீடுகளையெல்லாம் காதாலேயே பார்த்தவள். நாய் குரைக்கும், பிள்ளை அழும், பின்னாலிருந்து ஒரு குரல் "அதைப் பிடுங்காதே" என்று கத்தும். பாதிப் பேர் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டுகூடப் பழகிவிட்டது. பழகாதது ஒன்றே ஒன்று. கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால், "உங்கள் பகுதியில் பராமரிப்புப் பணி நடக்கிறது" என்று சொல்லச் சொல்லி மேலாளர் எழுதிக் கொடுத்திருந்தார். ஒருநாள் அவள் தெருவிலிருந்தே ஒருவர் கூப்பிட்டார். அவரிடமும் அதையே ஒப்பித்தாள். வேலை முடிந்து திரும்பும்போது தெருவின் கம்பங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒரு ஈ காக்கா இல்லை.

பிறகு கம்பெனி அந்தப் பிரிவையே வேறு ஊருக்கு மாற்றியது. அவள் போகவில்லை. காதால் பார்த்த வீடுகளைக் கண்ணாலும் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டாள். கணவன் லிஃப்ட் மெக்கானிக். "உன் தொழிலும் என் தொழிலும் ஒண்ணுதான். நடுவுல நின்னு போனாத்தான் நம்ம ஞாபகம் வரும்" என்று வழியனுப்பி வைத்தான்.

போன இடத்தில் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் பத்து நிமிடம் எதையும் தொடமாட்டாள். பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நீங்க எப்பவும் செய்யற மாதிரி செய்ங்க" என்பாள். சிலருக்கு எரிச்சல் வரும். ஆனால் நோய் பாதி அந்தப் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

இந்தக் கதையில் வரும் டிராஃப்ட்ஸ்மேனும் எரிச்சல்பட்டவர்தான். கட்டடங்களுக்கு பிளான் வரைகிறவர். முன்பு அலுவலகத்துக்குப் போய் வந்தவர், இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறார். அனுப்புவதில்தான் சிக்கல். போன வாரம் மாடிப்படி வரைபடம் ஒன்று முக்கால் மணி நேரம் வழியிலேயே நின்றுவிட, அங்கே கட்டுகிறவர்கள் பழைய படத்தை வைத்துக்கொண்டு இரண்டு படிகளைக் குறைத்துக் கட்டிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கம்ப்யூட்டரைப் போட்டார். இருவரும் காத்திருந்தார்கள். ஏழு நிமிடம் ஆனது. நெட் அக்கா பார்த்ததையெல்லாம் மனதில் குறித்துக்கொண்டாள். எழுப்பியவுடனே பத்தொன்பது புரோகிராம்கள் சேர்ந்து முண்டியடித்துக்கொண்டு எழுகின்றன. வைரஸைத் தடுக்க இரண்டு காவல்காரர்கள். ஓர் உறையில் இரண்டு கத்தி போல ஒன்றை ஒன்று சந்தேகப்பட்டுச் சோதித்துக்கொண்டே இருக்கின்றன. டிஸ்க் தொண்டைவரை நிறைந்திருக்கிறது. திரை முழுக்க வரைபடங்கள். 'மாடி இறுதி', 'மாடி இறுதி இறுதி', 'மாடி இதுதான் இறுதி'.

"இதுல எது சார் உண்மையிலேயே இறுதி?" என்று கேட்டாள்.

அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு, "அது வேற ஃபோல்டர்ல இருக்கு" என்றார்.

அன்று மாலைவரை கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டினாள். காவல்காரர்களில் ஒருவரை வீட்டுக்கு அனுப்பினாள். வேண்டாத புரோகிராம்களைத் தானாக எழாதபடி படுக்கவைத்தாள். பின்பக்கத்தைத் திறந்தால் விசிறியில் கம்பளி மாதிரி தூசி, பிரஷ்ஷால் வழித்தெடுத்தாள். சுழலும் பழைய டிஸ்க்குக்குப் பதிலாகப் புதுவகை டிஸ்க் போட்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். மறுபடி போட்டபோது நாற்பது விநாடியில் எழுந்தது. டிராஃப்ட்ஸ்மேன் முதல் தடவையாகச் சிரித்தார். அவர் மனைவி, ஒரு நூலகத்தில் வேலை பார்ப்பவர், டீ கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "இப்ப எல்லாம் சரியாயிடுச்சா? இனிமே வரவேண்டியதில்லையே?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நெட் அக்காவுக்குக் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. வழக்கமாக இன்னொரு தடவை வந்து பாருங்கள் என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு நாள் கழித்து டிராஃப்ட்ஸ்மேன் ஃபோன் செய்தார். கம்ப்யூட்டர் பறக்கிறது, ஆனால் சாயந்திரம் ஐந்து மணி அடித்தால் நெட் படுத்துக்கொள்கிறது, ஏழு மணிக்கு எழுந்துகொள்கிறது, கடிகாரம் வைத்த மாதிரி.

அவள் ஐந்து மணிக்கே போனாள். தன் லேப்டாப்பை கேபிளால் நேராக ரவுட்டரில் செருகி அளந்தாள். கம்பெனியிலிருந்து வருவதில் குறையில்லை. கேபிளைப் பிடுங்கிவிட்டு, காற்றில் வரும் வைஃபையை அளந்தாள். பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆக, கோளாறு வாசலுக்கு வெளியே இல்லை, வீட்டுக்குள்தான். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் தன் லேப்டாப்பில் திறந்து யார் யார் தொற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தாள். தன் லேப்டாப்பைச் சேர்க்காமலே பட்டியலில் ஒன்பது.

டிராஃப்ட்ஸ்மேன் அப்போது அலுவலகத்தோடு ஃபோனில் இருந்தார். அவர் மனைவியிடம் கேட்டாள். கம்ப்யூட்டர் ஒன்று, ஃபோன் இரண்டு, டிவி ஒன்று, நாலுதான் என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டுப் பட்டியலைப் பார்த்தார். கணவர் இருந்த பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் உள்ள வாங்க" என்று சமையலறைக்கு அழைத்துப் போனார்.

விஷயம் இதுதான். பக்கத்து வீடு வேறு யாருடையதும் இல்லை, டிராஃப்ட்ஸ்மேனின் தம்பியுடையது. முன்பு இரண்டும் ஒரே வீடு. நடையிலிருந்த ஒரு ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று ஆரம்பித்த பேச்சு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் குறுக்கே சுவரில் போய் முடிந்தது. அந்தச் சுவருக்கும் அண்ணனே பிளான் போட்டார். மூன்று வருடமாக அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லை. தம்பி வீட்டுக்கு நெட் வேண்டுமானால் கேபிள் அண்ணன் வீட்டு முகப்பில்தான் போகவேண்டும், அதற்கு அண்ணன் கையெழுத்து வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தம்பி கேட்கமாட்டார்; அண்ணன் தானாகக் கொடுக்கமாட்டார். தம்பி மகளுக்கோ தினமும் ஐந்திலிருந்து ஏழுவரை வீடியோவில் வகுப்பு. எட்டு மாதத்துக்கு முன் பெரியம்மா தன் ஓரகத்தியிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். ஆம்பளைங்க சண்டை நமக்கெதுக்கு என்று இரு பெண்களும் அதோடு வாயை மூடிக்கொண்டார்கள்.

"கம்பெனிக்காரங்க ஏதோ வேலை பாக்கறாங்கன்னு சொல்லிடுங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

நெட் அக்கா டீ தம்ளரைக் கழுவும் தொட்டியில் வைத்தாள். அந்த வாக்கியத்தை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது. இன்னும் ஒரு தடவை சொன்னால் குறைந்துவிடாது. ஆனால் வாய் வரவில்லை.

"பொய் சொல்ல மாட்டேங்க. ஒன்பது இருக்குன்னு சொல்லுவேன். யார் யாருன்னு சொல்றது என் வேலை இல்ல, அது உங்க பாடு."

அப்படியே செய்தாள். ஆனால் டிராஃப்ட்ஸ்மேன் யாரென்று கேட்கவில்லை, பட்டியலைத் தானே படித்தார். ஆறாவது வரியில் 'அணில் லேப்டாப்' என்று இருந்தது. அணில் என்பது தம்பி மகளுக்கு அவரே சின்ன வயதில் வைத்த செல்லப்பெயர். வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

"என்ன பாக்கறா? படமா?"

"என்ன பாக்கறாங்கன்னு எனக்குத் தெரியாது சார். எவ்வளவு போகுது, எவ்வளவு வருதுன்னு மட்டும்தான் தெரியும். ரெண்டு பக்கமும் விடாம ஓடுது. படம்னா வர்றது மட்டும்தான் அதிகமா இருக்கும். இது பேசிக்கிட்டிருக்கறது."

அந்த லேப்டாப்புக்குச் சுவரைத் தாண்டிக் கிடைப்பது அரைகுறை சிக்னல் என்றும் விளக்கினாள். காற்றில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் பொறுத்திருக்க வேண்டும். தூரத்திலிருப்பவர் திக்கித் திக்கிப் பேசினால், முடிக்கும்வரை கிட்டே இருப்பவரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். இதற்கு இரண்டே வழி: பாஸ்வேர்டை மாற்றுவது, அல்லது அந்தப் பக்கத்துக்கு ஒரு கேபிள் விடுவது.

"மாத்துங்க" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. மனைவி இருந்த பக்கம் திரும்பவும் இல்லை. அக்கா மாற்றினாள். பட்டியல் நாலாகச் சுருங்கியது. நெட் குதிரை மாதிரி ஓடியது. தன் வேலை சுத்தமாக முடிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்; ஆனாலும் அன்று வழி நெடுக எதையோ உடைத்துவிட்டு வந்தவள் போல நடந்தாள். கேட்டதைச் செய்தேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனம் ஒப்பவில்லை.

மூன்றாம் நாள் காலை டிராஃப்ட்ஸ்மேனிடமிருந்து ஃபோன். நெட் எப்படி என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு, "உங்ககிட்ட சுவர்ல ஓட்டை போடற மிஷின் இருக்கா?" என்று கேட்டார்.

நடந்ததை அவர் மனைவிதான் பிறகு சொன்னார். பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் சாயந்திரம் வாசலில் மணி அடித்தது. டிராஃப்ட்ஸ்மேனே போய்த் திறந்தார். அணில் நின்றுகொண்டிருந்தாள். மூன்று வருடத்தில் அவரைவிட உயரமாகியிருந்தாள்.

"பெரியப்பா, நெட் வரல. நீங்க குடுத்த பாஸ்வேர்டு மாறிடுச்சா?"

நீங்கள் கொடுத்தது. அவள் அம்மா அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்: பெரியப்பாதான் கொடுக்கச் சொன்னார், ஆனால் வெளியே காட்டிக்கொள்ள மாட்டார் என்று. தம்பியும் அதை நம்பியிருக்கிறார். 'ம்' என்று ஒரே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு, அந்த வாரமே தன் ஃபோனையும் டிவியையும் சேர்த்துச் செருகிக்கொண்டிருக்கிறார்.

எட்டு மாதமாக அந்த வீட்டில் தனக்கு ஒரு நல்ல பெயர் ஓடிக்கொண்டிருந்தது டிராஃப்ட்ஸ்மேனுக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது தெரிந்தபிறகு இல்லையென்று எப்படிச் சொல்வது? "மிஷின்ல ஏதோ மாத்தினாங்க. நாளைக்கு வந்துடும்" என்றாராம். போகும்போது அவள் "தேங்க்ஸ் பெரியப்பா" என்றாளாம். அன்று ராத்திரி அவர் மனைவியிடம் எட்டு மாதத்துக்கும் சேர்த்துச் சண்டை போட்டார். காலையில் ஃபோன் செய்தார்.

நெட் அக்கா டிரில்லிங் மிஷினோடு போனபோது அவர் சுவரின் பிளானை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஒன்பது அங்குலச் சுவர். உள்ளே கரண்ட் ஒயர் எங்கே போகிறது என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அளந்து பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அந்தப் பக்கம் அலமாரியை நகர்த்தச் சொல்ல வேண்டும், யார் சொல்வது? அவர் மனைவி ஓரகத்திக்கு ஃபோன் போட்டு, கணவர் காதுபட உரக்கவே பேசினார். எட்டு மாதத்தில் முதல் தடவையாக ஒளிக்காமல் பேசுகிறார் போலிருந்தது.

டிரில் செங்கல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனது. தரையெல்லாம் சிவப்புத் தூள். மறுபக்கம் துளைத்துக்கொண்டு வெளியேறியதும் மிஷினை நிறுத்தினாள். ஓட்டைக்குள் கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் கீழ போட்டிருக்கலாம்."

நெட் அக்கா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டிராஃப்ட்ஸ்மேன் குனிந்து ஓட்டையருகே வாயைக் கொண்டுபோனார்.

"கீழ ஒயர் போகுது."

"எந்த ஒயரு?"

"ஹால் சுவிட்ச் ஒயரு. மறந்துட்டியா?"

அந்தப் பக்கம் அலமாரி இன்னும் கொஞ்சம் நகரும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, கேபிளைத் தள்ளு" என்றது குரல். அண்ணன் கேபிளைத் தள்ளினார், தம்பி இழுத்தார். போதுமா என்று இவரும், இன்னும் ஒரு முழம் என்று அவரும் சொல்லிக்கொண்டார்கள். அவ்வளவுதான் பேச்சு. கேபிளின் அந்த முனையில் ஒரு சின்னப் பெட்டியை வைத்து, அந்த வீட்டு ஐந்தையும் அதில் சேர்த்தாள். பிளான் அனுப்பும்போது அதற்கு முதல் வழி கிடைக்கும்படி ரவுட்டரில் ஒரு ஏற்பாடும் செய்தாள். ஐந்து மணிவரை இருந்து, இரண்டு வீட்டிலும் அளந்து பார்த்தாள். சுவரின் இருபுறமும் எண்கள் நன்றாகவே இருந்தன.

அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து அழுதார்கள் என்றெல்லாம் நினைக்கவேண்டாம். ஜன்னல் விவகாரம் ஜன்னல் விவகாரமாகவே இருக்கிறது. நெட் நின்றால் மட்டும் தம்பி சுவரைத் தட்டுவார், அண்ணன் ரவுட்டரை அணைத்துப் போடுவார், "வந்துச்சா?" "வந்துச்சு" என்று இரண்டு வார்த்தை நடக்கும்.

அன்று சாப்பிடும்போது நெட் அக்கா கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "ஓட்டையைச் சுத்திப் பூசினியா? பூச்சி வருமே" என்றான்.

பூசவில்லை. மறுநாள் முதல் வேலையாக ஒரு டப்பா வெள்ளைப் பூச்சோடு போய், இரண்டு வீட்டுப் பக்கமும் பூசிவிட்டு, அங்கிருந்தே அடுத்துக் கூப்பிட்டிருந்தவர் வீட்டுக்குப் போனாள். அங்கே ஒரு பல் டாக்டரின் கம்ப்யூட்டர் இரண்டு மணி நேரமாக எழுந்துகொண்டே இருந்தது.