தாண்டவராயனின் ஐந்து மணி நடை

புதூர்நாட்டில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக் கேளுங்கள், விடியற்காலை ஐந்து மணிக்குத் திருப்பத்தூருக்கு எந்த வண்டி போகும் என்று. தாண்டவராயன் வண்டி என்றுதான் சொல்வார்கள். இன்று நேற்றல்ல, இருபத்தாறு வருஷமாக அதுதான் பதில். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், சந்தைக்குப் போகிறவர்கள், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர்கள் எல்லாரையும் முதல் பஸ் மலை மேலே வந்து சேருவதற்குள் கீழே இறக்கிவிட்டிருப்பார். சொந்த மகள் கல்யாணத்துக்கு முதல் நாள்கூட அந்த நடையை அவர் விடவில்லை. வயது ஐம்பத்தெட்டு. ஆள் ஒல்லிதான், பிடிவாதம் மட்டும் இரண்டு ஆள் கனம். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர்கள் உண்டே, அவர்களில் முதல் வரிசை.

அப்படிப்பட்டவரின் காலை நடைக்கே போன தை மாதம் ஆபத்து வந்துவிட்டது.

அன்று திங்கட்கிழமை. பனி கொட்டுகிறது. பாதி மலை இறங்கியதும் ஒரு பெரிய வளைவு வரும். அதன் ஓரத்தில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று, இடுப்பு உயரத்துக்கு நிற்கும். அந்தக் கல்லை இருபத்தாறு வருஷமாகத் தினமும் பார்க்கிறவர், அன்று பார்க்கவில்லை. பம்பர் அதில் முட்டிய பிறகுதான் பிரேக்கை மிதித்தார். கல் மட்டும் இல்லை என்றால் வண்டி பள்ளத்தில்தான் போய் நின்றிருக்கும். ஓட்டுநருக்கு நேர் பின்னால் உட்காரும் பெரியம்மாள் மடியில் அவளுடைய சாமை மூட்டையே வந்து விழுந்தது. பெரியம்மாள் அறுபதைத் தாண்டிய வியாபாரி. சந்தையில் நாலு பேர் வாயை ஒரே நேரத்தில் அடைக்கக்கூடியவள்.

"ஏம்பா தாண்டவராயா, கல்லு அங்க வெள்ளை வெளேர்னு நிக்குது. உன் கண்ணு இன்னா பொடனியிலயா கீது?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் கீது. லைட்டுதான் மங்கலாப் பூட்ச்சு."

"ஆமாமா. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

வண்டியில் இருந்த ஒன்பது பேரும் சிரித்தார்கள். பயந்து போனவர்கள் சிரிக்கிற சிரிப்பு அது. பம்பர் நசுங்கியதைவிட அந்தச் சிரிப்புதான் தாண்டவராயனுக்கு வலித்தது.

மத்தியானம் வீடு திரும்பியபோது பெரியம்மாள் வாசலிலேயே நின்றிருந்தாள். கூடவே கோகுலகிருஷ்ணன். போன வருஷம் புது வேன் வாங்கிய பையன், இருபத்தாறு வயது. தாண்டவராயன் முதல் நடை ஓட்டிய வருஷம் பிறந்தவன்.

"உன் மேல கோவம் இல்லப்பா. உசுரு மேல பயம்," என்றாள் பெரியம்மாள். "வெள்ளிக்கிழம வரைக்கும் கோகுலு வண்டில போய்க்கறோம். அதுக்குள்ள லைட்டுன்னா லைட்டைச் சரி பண்ணு, கண்ணுன்னா கண்ணைச் சரி பண்ணு. வெள்ளிக்கிழம சாயந்தரம் நாங்களே வந்து பாக்கறோம். சரியில்லன்னா காலை நடை அவனுக்குத்தான்."

"நானா ஒண்ணும் கேக்கல மாமா. அவங்களாத்தான் சொல்றாங்க," என்று கோகுலகிருஷ்ணன் தலையைச் சொறிந்தான்.

"வெள்ளிக்கிழம வாங்க. லைட்டுதான்னு காட்டறேன்," என்றார் தாண்டவராயன். அவ்வளவுதான். உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்தார், சோறு இறங்கவில்லை.

லைட் மங்கல் என்று அவர் சொன்னது சாக்கு இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். முன்பு அவர் ஓட்டியது பழைய ஜீப். அதன் முன்விளக்குக்கு வட்டக் கண்ணாடி. துணியால் ஒரு துடை துடைத்தால் பளிச்சென்று இருக்கும். ஒன்பது வருஷத்துக்கு முன் வாங்கிய இந்த வண்டிக்கு விளக்கு மூடி பிளாஸ்டிக். ஊர் இதையும் ஜீப்பு என்றுதான் சொல்கிறது, ஆனால் வெயிலுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருக்கிறது. மூடி மஞ்சள் பூத்து, பழைய மோர் டம்ளர் மாதிரி ஆகியிருந்தது. ஒர்க்‌ஷாப்பில் கேட்டால், விளக்கு முழுசையும் மாற்ற வேண்டும், வேலூரிலிருந்து வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். இருப்பதோ நாலு நாள்.

"நானே பண்றேன்," என்றார்.

"இன்னாத்த பண்ணுவீங்க?" என்றாள் மனைவி செந்தாமரை.

"குத்துவிளக்கு கறுத்துப் போனா நீ இன்னா பண்ற? புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கறதில்ல? இதுவும் விளக்குதானே."

மலையில் புளிக்கா பஞ்சம்? ஒரு உருண்டை புளியும் ஒரு பிடி அடுப்புச் சாம்பலுமாகச் செவ்வாய்க்கிழமை காலையில் வண்டி முன்னால் குந்தினார். கை கழன்று விழுகிற மாதிரி தேய்த்தார். தண்ணீரை ஊற்றினார். அடேயப்பா! மூடி ஊற்றுத் தண்ணி மாதிரி தெளிந்து, உள்ளே பல்பு வரை தெரிந்தது.

"ஏ தாமரை! ஓடியா, ஓடியா!"

அவள் ஈரக் கையோடு ஓடி வருவதற்குள் தண்ணீர் காய்ந்துவிட்டது. காயக் காய மங்கலும் திரும்ப ஏறிக்கொண்டது. போதாக்குறைக்குச் சாம்பலில் இருந்த பொடிக்கல் வட்ட வட்டமாகக் கீறல் வேறு போட்டிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியின் கதைதான்.

"நல்லா கீது போங்க," என்றாள் செந்தாமரை. "மொதல்ல மூடி மங்கலு மட்டுந்தான். இப்ப கோலமும் போட்டாச்சு."

வேறு யாராவது என்றால் அன்றோடு விட்டிருப்பார்கள். தாண்டவராயன் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார். திருப்பத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் சங்கதியைக் கேட்டுவிட்டு ஐந்து நிமிஷம் சிரித்தார். பிறகுதான் விஷயத்துக்கு வந்தார்.

"இது அழுக்கு இல்லீங்க, கழுவினா போறதுக்கு. வெயிலு தின்ன தோலு. அந்தத் தோலை உரிச்சு எடுக்கணும்." வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளில் மூன்றை எடுத்துப் போட்டார். "சொரசொரன்னு இருக்கறது மொதல்ல, நைசு கடைசில. தண்ணி விட்டுக்கினே தேய்க்கணும். அப்புறம் இந்தப் பாலிஷு. கடைசியா இந்தப் பூச்சு, இது போடலன்னா ஆறு மாசத்துல திரும்ப மஞ்சளாய்டும். பல்பு எப்ப மாத்தினீங்க?"

"எரியுதே, எதுக்கு மாத்தணும்?"

"எரியும். கெழட்டு எருமை வண்டி இழுக்கற மாதிரி எரியும். ரெண்டையும் மாத்துங்க. வாட்ஸ் அதே வாட்ஸ்தான், ஜாஸ்தி போட்டா மூடி உருகிடும். பல்பு கண்ணாடில மட்டும் வெரலு படக்கூடாது. எண்ணெய்ப் பசை பட்டா அந்த எடம் சூடேறி வெடிச்சிடும்."

"பல்பு இன்னா அம்மன் சாமியா, தொட்டா தீட்டாவறதுக்கு?"

கடைக்காரர் அவரை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். "அப்போ மூணா வாங்கிக்குங்க," என்றார்.

அந்த மனுஷனுக்குக் கருநாக்கோ என்னவோ. புதன்கிழமை காலையில் பழைய பல்புகளைக் கழற்றியபோது கண்ணாடிக்குள்ளே புகை படிந்து கறுத்திருந்தது. "பாத்தியா? லைட்டுதான்னு சொன்னேன்ல?" என்று துள்ளினார். துள்ளின வேகத்தில், புது பல்பு ஒன்றைத் துணியால் பிடித்து மாட்டியவர், மற்றதைப் பணியாரம் தின்ற கையாலேயே மாட்டினார். சாயங்காலம் போட்டுப் பார்த்தபோது கொஞ்ச நேரம் ஜோராக எரிந்தது. பிறகு 'டப்' என்று ஒரு பல்பு வெடித்தது.

மூன்றாவது பல்பைச் செந்தாமரையே துவைத்த துணியில் சுற்றி எடுத்தாள். பல்பின் மூன்று காதும் உள்ளே இருக்கும் மூன்று பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். தாண்டவராயன் தடவித் தடவிப் பார்த்து, பேனட்டுக்குள்ளே இருட்டாக இருக்கிறது என்று அலுத்துக்கொண்டார். அவள் குனிந்து பார்த்து, ஒரே திருப்பில் உட்கார வைத்து, மேலே கம்பியைச் சாத்திவிட்டாள்.

வியாழக்கிழமை முழுக்கத் தோல் உரிக்கிற வேலை. பெயின்ட் கெடாமல் இருக்கச் சுற்றிலும் டேப் ஒட்டினார்கள். ஆளுக்கு ஒரு விளக்கு. சோப்புத் தண்ணியை ஊற்றிக்கொண்டே முதல் பேப்பரைப் போட்டதும் மூடியிலிருந்து மஞ்சள் பால் வழிந்தது. மூடியோ முன்பைவிட வெள்ளையாக, சுத்தமாக ஒன்றுமே தெரியாமல் ஆகிவிட்டது. தாண்டவராயனுக்குப் பகீர் என்றது. இருந்த வெளிச்சத்தையும் கெடுத்துக்கொண்டோமோ? ஒரு நிமிஷம் பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு வண்டியில் கேட்ட அந்தச் சிரிப்பு காதில் விழுந்தது போல, மறுபடியும் எடுத்தார். இரண்டாவது பேப்பர், மூன்றாவது பேப்பர். தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது. விரல் நுனி ஊறிச் சுருங்கிவிட்டது.

"அங்க இன்னும் கீறல் கீதுங்க," என்றாள் செந்தாமரை.

"எங்க? ஒண்ணும் இல்லியே."

"அதோ, ஓரத்துல. மயிரு மயிரா."

அவர் முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் அந்த இடத்தில் இன்னும் ஐம்பது தரம் தேய்த்தார்.

வெள்ளிக்கிழமை பாலிஷ் போட்டுத் துணியால் சுழற்றச் சுழற்ற, மங்கல் விலகியது. இந்தத் தரம் காய்ந்த பிறகும் விலகியே இருந்தது. அன்றுதான் கடையில் வாங்கியது போலவே இருந்தது மூடி. பூச்சையும் பூசி வெயிலில் காய விட்டுவிட்டு, நாலு நாளில் முதல் தடவையாக அவர் வயிறாரச் சாப்பிட்டார்.

சாயங்காலம் இருட்டத் தொடங்கியதும் சொன்னபடி எல்லாரும் வந்தார்கள். சாமை மில்லின் சுவருக்கு எதிரே இருபத்தைந்து அடி தள்ளி வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒரு மூச்சு இழுத்து, லைட்டைப் போட்டார்.

சுவர் முழுக்கப் பட்டப்பகல் ஆனது.

"அம்மாடியோ!" என்று பெரியம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். கோகுலகிருஷ்ணன் சுவரில் எழுதியிருந்ததை உரக்கப் படித்தான். 'சாமை, கேழ்வரகு அரைத்துத் தரப்படும்.' அதன் கீழே பொடி எழுத்தில் இருந்த போன் நம்பரையும் ஒரு எண் விடாமல் சொன்னான்.

"என் புது வேனுக்கே இந்த வெளிச்சம் இல்ல மாமா!"

"சொவத்துல பல்லி ஓடுது பாருடி, பல்லி!" என்று பெரியம்மாள் பக்கத்தில் நின்றவளை இடித்தாள். "அதும் வாலு கூடத் தெரியுது. யப்பா தாண்டவராயா, நான்தான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். லைட்டுதான்யா. நாளைக்கு காலைல மொத சீட்டு எனுக்கு."

இந்த வார்த்தைக்காகத்தானே நாலு நாள் பாடு? தாண்டவராயன் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவர் கண் சுவரில் பல்லியைத் தேடிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இருந்தது. எழுத்து இருந்த இடத்தில் கறுப்பாக ஏதோ இருந்தது. போன் நம்பர் இல்லை. பல்லி இல்லவே இல்லை. வலது கண்ணைப் பொத்தினார், கண் கூசுவது நின்று பல்லி வந்தது, வாலோடு. இடது கண்ணைப் பொத்தினார். சுவரே இட்லிப் பானை ஆவிக்குப் பின்னால் போய்விட்டது.

வெளியே எல்லாரும் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர் பொத்திப் பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு இறங்கினால் போதும், நடை அவருடையது. அந்த வளைவும், கல்லும், பின்சீட்டில் ஒன்பது பேரும் அவர் கண்முன் வந்தார்கள். லைட்டை அணைத்துவிட்டு இறங்கினார்.

"லைட்டு சரியாப் பூட்ச்சு. அதுல ஒரு கொறையும் இல்ல," என்றார். "ஆனா எனுக்குப் பல்லி தெரியல."

"இன்னா?"

"பல்லி தெரியல. வலது கண்ணு அவுட்டு. ரெண்டும் கெட்டிருக்குது, பெரியம்மா. லைட்டும் கெட்டிருந்துச்சு, கண்ணும் கெட்டிருக்குது. ஒண்ணைச் சரி பண்ணிட்டேன்."

செந்தாமரை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பெரியம்மாள் கிட்டே வந்து, அவள் வாயில் யாரும் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டாள்.

"ஏன்யா, நீ வாயை மூடிக்கினு இருந்திருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"எனுக்குத் தெரிஞ்சிருக்குமே. உன்னைப் பின்னால குந்த வச்சுக்கினு நான் எப்டி மலை எறங்குவேன்?" கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "நாளைக்கு அஞ்சு மணிக்கு நம்ம வண்டிதான் போவுது. கோகுலு ஓட்டுவான். நான் பக்கத்துல குந்திகினு கண்ணாஸ்பத்திரிக்கு வர்றேன். அறுக்கணும்னா அறுத்துக்கறேன்."

சாவியைக் கோகுலகிருஷ்ணன் கையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"ஒரு மாசந்தான்," என்றார்.