தயிர் சாதத்துக்குப் பிறகு

கொச்சி மட்டாஞ்சேரியில் அறிவுத்திறன் குறைபாடு உள்ள பெரியவர்கள் தங்கியிருக்கும் இல்லம் ஒன்றில் எனக்கு மதியச் சாப்பாடு ஊட்டும் வேலை. வாயில் சோற்றை வைத்தால் ஆயிற்று என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். அப்படியில்லை. அவர்கள் கண்ணுக்கு நேரே உட்கார வேண்டும். சின்ன ஸ்பூன்தான். தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். பொறுமைக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் பழகிக்கொண்டேன்.

நாற்பது வயது தாண்டிய ஒருவர் புதிதாக வந்தார். என்னைப் போலவே பல தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம். அம்மா போன பிறகு, கலூரில் வேலை பார்க்கும் அக்கா கொண்டுவந்து விட்டிருந்தார். அவருக்குப் பேச்சு வராது. விழுங்கச் சிரமம் என்பதால் எல்லாம் குழைத்துத்தான் தர வேண்டும். வழுக்கிக்கொண்டு இறங்குமே என்று தயிர் சாதத்தை முதலில் கொடுத்தேன்.

அந்தக் கிண்ணத்தைச் சமர்த்தாகக் காலி செய்வார். நான் சாம்பார் சாதத்தை எடுப்பதற்குள் எழுந்து கை கழுவப் போய்விடுவார். ஊட்டியது நான், இவர் கையில் கழுவ என்ன இருக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைப்பேன். வாயை இறுக மூடிக்கொள்வார். நோட்டில் ‘பிடிவாதம்’ என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் போவேன்.

காலையிலும் ராத்திரியிலும் அவர் பேருக்குத்தான் சாப்பிடுவார். மதியம்தான் அவருக்குச் சாப்பாடே. இரண்டு மாதத்தில் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. இன்னும் எடை குறைந்தால் மூக்கில் ட்யூப் வைக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அன்று சமையல்கார சேச்சியிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். உள்ளே பயம்.

விஷயம் கேள்விப்பட்டு, அக்கா லீவு போட்டுவிட்டுச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். ஓரமாக நின்று பார்த்தார். தயிர் சாதம் முடிந்தது, தம்பி எழுந்தார், நான் கையைப் பிடித்தேன்.

“விடுங்கோ,” என்றார் அக்கா. “தயிர் சாதம் ஆச்சுன்னா அவனுக்குச் சாப்பாடு தீர்ந்துது. அம்மா அப்படித்தான் போடுவா. அதுக்கப்புறம் சாம்பாரைக் கொண்டுவந்தா அவன் என்ன பண்ணுவான், பாவம்?” என் பக்கம் திரும்பி, “உங்காத்துலயும் அப்படித்தானே?” என்றார்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். எனக்கு யாராவது முதலில் தயிரை ஊற்றியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். குழைத்த சோறுதானே, எது முன்னால் போனால் என்ன என்று அவர் விஷயத்தில் மட்டும் எனக்குத் தோன்றியிருக்கிறது. வெட்கமாக இருந்தது. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். கேட்க வேண்டியது அவரிடம் அல்ல என்பதும் தெரிந்தது.

மறுநாள் முதலில் சாம்பார் சாதம், பிறகு கெட்டியாகக் குழைத்த ரசம் சாதம். இரண்டையும் ஒரு வாய் மிச்சமில்லாமல் சாப்பிட்டார். ட்யூப் பேச்சு அதன்பின் எழவேயில்லை. கடைசியில் தயிர் சாதம். அது முடிந்ததும் வழக்கம்போல எழுந்தார். என்னைப் பார்த்ததும் கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார்.

நான் முன்னால் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தள்ளி நின்றேன். வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கை வெளியே வந்தது.