மிதந்து வந்த எலுமிச்சம்பழம்

காலையில் லிஃப்ட் வாசலில் பாதியாக அறுத்த ஓர் எலுமிச்சம்பழம் கிடந்தது. யாராவது தேநீருக்குப் பிழிந்துவிட்டுப் போட்டிருப்பார்கள் என்று புத்தி சொல்கிறது, கால் கேட்கவில்லை. ஜார்ஜ் டவுன் அடுக்குமாடியில் ஆறு மாடியும் படியேறினேன். சிரிக்காதீர்கள். எங்கள் குடும்பத்துக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் பழைய பகை.

அப்போது சிம்பாங் அம்பாட் பக்கம் இருந்தோம். வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ஆறு. ஆறு என்பதே அதிகம், முழங்கால் தண்ணீர்தான். மேலே கம்பம் என்கிற மலாய்க் கிராமம், அடுத்து அத்தை வீடு, பிறகு நாங்கள், எங்களுக்குக் கீழே சீனர் ஒருவரின் காய்கறித் தோட்டம். கீழே இருப்பவருக்கு மேலே இருப்பவர்மீது எப்போதும் சந்தேகம். எங்கள் சவர்க்காரத் தண்ணீரால்தான் கீரை வாடுகிறது என்று தோட்டக்காரர் எங்களை முறைப்பார். அம்மா அத்தை வீட்டை முறைப்பாள்.

அந்த அத்தையின் மகன் மணிக்குத்தான் அக்காவைக் கேட்டிருந்தார்கள். அக்காவுக்கு மணி என்றால் உயிர். அம்மாதான் யோசிக்கிறேன், யோசிக்கிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, துணி துவைக்கும் கல்லில் அறுத்த எலுமிச்சம்பழங்கள் வந்து முட்டின. கூடவே பூக்கள்.

"பாத்தியா ஒங்க அத்த வேலைய! மந்திரிச்சு நம்மள மயக்கப் பாக்குறா!"

அம்மா ஈரக்கையோடு போய் அத்தை வாசலில் நின்று, பெண் கிடையாது என்று கத்திவிட்டு வந்தாள். அத்தை சும்மா இருப்பாளா?

"நான் ஏன் லா பழம் போடணும்? ஒங்க பொண்ணு இல்லன்னா ஊர்ல பொண்ணே இல்லையா?"

அதே வேகத்தில் பட்டர்வொர்த் பெண் ஒருத்தியோடு மணிக்கு நிச்சயம் செய்துவிட்டாள்.

அழுது ஓய்ந்த அக்கா ஒருநாள் ஆற்றோரமாகவே மேலே நடந்தாள். கம்பத்தில் ஒரு வீட்டில் கல்யாணப் பந்தல் இன்னும் பிரிக்கப்படாமல் நின்றது. கல்யாணத்துக்கு முன்பு மணப்பெண்ணைப் பூவும் எலுமிச்சையும் போட்டுக் குளிப்பாட்டுவது அவர்கள் வழக்கமாம். ஆற்றங்கரையில்தான் குளிப்பாட்டினார்களாம்.

அம்மாவிடம் வந்து சொன்னாள். அம்மா வெகுநேரம் யோசித்தாள்.

"பூ அவங்க போட்டது, சரி. பழம் ஒங்க அத்த போட்டதுதான்."

சாகும்வரை அதை மாற்றிக்கொள்ளவில்லை.

இப்போது அந்த ஆறு ஒரு தொழிற்சாலைச் சுவருக்குப் பின்னால் சிமெண்டுக் கால்வாய். கம்பமும் தோட்டமும் போய் வரிசை வரிசையாக வீடுகள். யார் எதைப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

அக்கா வேறொருவரைக் கட்டிக்கொண்டு பிறை என்ற ஊரில் இருக்கிறாள். போன் போட்டு லிஃப்ட் வாசல் பழத்தைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"மாடி மாடியா ஏறிப் போயி யாருன்னு கேட்டுட்டு வந்திரு லா" என்றாள். "நான் அழுதுகிட்டு ஒக்காந்துட்டேன். மொத நாளே மேல நடந்திருக்கணும்."