நாவலேரிக் கரையில் ஒரு சேலை முனை

நான் சொல்கிற சமாச்சாரங்களில் பாதி கலப்படம் என்று எங்கள் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இருக்கட்டும். இது அந்தப் பாதியில் சேராது. இது எனக்கே நடந்தது. சத்தியம் செய்யச் சொன்னால் எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் செய்கிறேன். காஞ்சிபுரத்தில் கோயிலுக்கா பஞ்சம்?

1971, ஐப்பசி மாதம். ஊருக்குக் குழாயில் வருகிற தண்ணீரில் ஒரு பங்கு நாவலேரியிலிருந்து வந்துகொண்டிருந்த காலம். அந்த ஏரிக்கரையின் அடியிலேயே எங்கள் தெரு. எல்லாம் தறி வீடுகள். தலைக்கு மேலே கரை, கரைக்கு அந்தப் பக்கம் ஏரி. நம் வீட்டுக் கூரையைவிட உயரத்தில் தண்ணீர் நிற்கிறது என்று யாரும் யோசிக்க மாட்டோம். யோசித்தால் தூக்கம் வராது. கரை எங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தியது. வருடா வருடம் அதிகாரிகள் ஜீப்பில் வருவார்கள், கரைமேல் நின்று காற்று வாங்குவார்கள், போய்விடுவார்கள்.

தெருக்கோடி வீட்டில் அம்சா இருந்தாள். கரையை ஒட்டின வீடு. பிள்ளை பெற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. புருஷன் பட்டு நூல் வாங்க பெங்களூர் போயிருந்தான். அந்த மழையில் அவள் வீட்டு அடுப்படித் தரையில் ஈரம் ஊற ஆரம்பித்தது. பிறகு கொல்லையில், கரையின் அடியிலிருந்து மணிக்கட்டுப் பருமனுக்குத் தண்ணீர் கொப்பளித்தது. முதலில் தெளிவாக வந்தது. அப்புறம் சிவப்பாக.

சிவப்புத் தண்ணீரைப் பார்த்து எங்கள் தெருவில் யாரும் பயப்பட மாட்டார்கள். நடுத்தெருவில் சாயப்பட்டறை இருந்தது. சாக்கடையில் அரக்குச் சிவப்பு ஓடினால் முகூர்த்த மாதம் வருகிறது என்று அர்த்தம். அதனால் அம்சா பயந்தபோது தெருவே சிரித்தது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தேன்.

அம்சா விடவில்லை. ஏரியைப் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் தர்மனைக் கூட்டிவந்தாள். காக்கிச் சட்டை, ஐம்பது வயது, ஒண்டி ஆள். அவர் குடையை மடக்காமல் கொல்லை வாசலிலேயே நின்று பார்த்தார்.

"சாயத் தண்ணிமா. பட்டறைக்காரன் கழுவி உட்டுக்கினு இருக்கான்."

"கரைக்குள்ள கல்லு உருள்ற சத்தம் கேக்குதுண்ணே."

"எலியா இருக்கும்" என்றார். போய்விட்டார்.

அவளுக்குப் போக இடம் இல்லை. அம்மா வீடு மாகறலில், செய்யாற்றில் வெள்ளம். அக்கா முறையில் என் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டேன். தறியில் பாதி நெய்த கல்யாணப் புடவை இருக்கிறது, ஈரம் பட்டால் போச்சு, காவல் இருக்க வேண்டும் என்றாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவர் ஓரமாக உட்கார்ந்தபடியே தூங்கினாள்.

எனக்கோ வேறு விஷயத்தில் கண்.

மூன்று நாளாக, விளக்கு வைக்கிற நேரத்தில் அம்சாவின் கொல்லைக் கோடியில், கரை அடியில் ஒருத்தி குந்தி உட்கார்ந்து துணி அலசிக்கொண்டிருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. எங்கள் தெருவில் எந்த முதுகு யாருடையது என்று எனக்குத் தெரியும். இது அந்தக் கணக்கில் இல்லாத முதுகு. தர்மனின் கொட்டகையோ பக்கத்திலேயே இருக்கிறது. ஒண்டி ஆள் வேறு. நான் முடிச்சுப் போட்டுவிட்டேன். யார் என்ன என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது.

நாலாம் நாள் மழைக்குக் கோணியைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு கிளம்பினேன். தூரத்துக் கோயிலில் சாயரட்சை மணி. ஆறு மணி இருக்கும். கரண்ட் இல்லை. தூறல் விடவில்லை.

பட்டறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. மழையில் பட்டு காயாது என்று மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. அந்தப் பூட்டைப் பார்த்தேன். பார்த்தும் மண்டையில் ஏறவில்லை.

அவள் இருந்தாள்.

கரையின் ஓட்டையிலிருந்து வந்த சிவப்புத் தண்ணீரில் ஒரு சேலையை அலசிக்கொண்டிருந்தாள். கிட்டே போய்த் தொண்டையைச் செருமினேன். திரும்பவில்லை. சேலை ஒன்று இல்லை. நாலைந்து சேலைகளை முடிச்சு முடிச்சாகக் கட்டியிருந்தது. அப்போதுதான் அவள் தலையைப் பார்த்தேன். மழை பெய்கிறது... அவள் தலையில் காய்ந்த புழுதி. ஈரமே இல்லை.

"முனைய புடிமா" என்றாள்.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு நீட்டுவார்கள். தெரு நீளத்துக்குப் பட்டு நூல். போகிறவர் வருகிறவர் யாராக இருந்தாலும், "முனைய புடி" என்றால் பிடித்தே ஆக வேண்டும். பிடித்தவர் விட்டால் மொத்தப் பாவும் சிக்காகி ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். என் பிறந்த வீட்டுத் தெருவிலும் இதே வழக்கம்தான், விவரம் தெரிந்த நாளிலிருந்து பழகிய கை. யார், எதற்கு என்று அது கேட்காது.

பிடித்துவிட்டேன்.

"உட்றாத."

சேலை என் கையில் உருவிக்கொண்டு ஓடியது. ஒரு முடிச்சு. இன்னொரு முடிச்சு. அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் எந்தப் பக்கமும் போகவில்லை.

சேலை கரைக்குள் போய்க்கொண்டிருந்தது. மணிக்கட்டுப் பருமன் ஓட்டைக்குள்.

அவள் இருந்த இடத்தில் சேறு மட்டும். குந்தின தடம்கூட இல்லை.

கடைசி முடிச்சு கையில் வந்து நின்றது. சேலை விறைத்தது.

உள்ளேயிருந்து யாரோ இழுத்தார்கள்.

மூன்று முறை. மெதுவாக... கிணற்றில் இறங்கினவர் தூக்கச் சொல்லி இழுப்பார்களே, அப்படி.

விட்டிருக்கலாம். கை விடவில்லை.

கால் சேற்றில் வழுக்கியது. கை ஓட்டைக்குள் போனது. மணிக்கட்டு. முழங்கை.

உள்ளே குளிர். உள்ளே... இடம் இருந்தது. காலியாக.

கடகட... கல் உருள்கிற சத்தம்.

அப்புறம் விரல்கள்.

என் விரல்களுக்கு நடுவில்.

"உட்றாத..."

கத்தினேன்.

அம்சா லாந்தரோடு ஓடிவந்தாள். என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். கை வெளியே வந்தது. சேலை இல்லை, முடிச்சு இல்லை. கை நிறையச் செம்மண். பின்னாலேயே கட்டி கட்டியாகச் சிவப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

அம்சா அதில் ஒரு பிடி அள்ளி விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"அக்கா... இது சாயம் இல்ல. மண்ணு. கரைய அரிச்சிக்கினு வருது."

அப்புறம் நடந்ததில் எனக்கு வரிசை ஞாபகம் இல்லை. அம்சா பிள்ளையைத் தூக்கினாள். தறியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வீடு வீடாகக் கதவை இடித்தோம். என் குரலுக்கு அன்றைக்குத்தான் ஒரு பிரயோஜனம் இருந்தது. பட்டறைப் பூட்டை உடைத்து, குஞ்சு குளுவானோடு எல்லோரும் மொட்டை மாடியில் ஏறினோம்.

தர்மன் மூச்சிரைக்க மாடிப்படியில் வந்தார். கரை என்ன ஆகும், கரை என்ன ஆகும் என்று ஆளாளுக்கு அவரைப் பிடித்து உலுக்கினார்கள். அவரோ, லாந்தர் வெளிச்சத்தில் மண் அப்பிய என் கையையே பார்த்தார்.

"முனைய உட்டுட்டியா?" என்றார்.

நான் அதுவரை யாரிடமும் முனையைப் பற்றி வாய் திறக்கவில்லை. அம்சாவிடம்கூட.

கோயிலில் அர்த்தஜாம மணி அடிப்பதற்குள் கரை பிளந்தது. அம்சாவின் வீடு முதலில் போனது. சுவர், தறி, கல்யாணப் புடவை எல்லாம். எங்கள் வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். உயிர்ச் சேதம் ஒன்றுகூட இல்லை. விடிந்து ஆள் எண்ணும்போது தர்மன் மட்டும் இல்லை. அவர் மாடியிலிருந்து இறங்கியதைப் பார்த்தவர்களும் இல்லை. இத்தனை பேரை வேவு பார்த்த எனக்கே தெரியவில்லை என்றால் பாருங்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு கரையைச் சீர்செய்ய ஆட்கள் வந்தார்கள். பிளந்த இடத்தின் ஓரத்தில் செங்கல் கட்டடம் ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. தூர்ந்து போன பழைய மதகு. ஆள் தவழ்ந்து போகிற அளவுக்குச் சுரங்கம், தெருப் பக்கத்து வாயில் மண் கொட்டி அடைத்திருந்தார்கள். என் கை போன ஓட்டை அந்த மண்ணில்தான் இருந்தது.

பட்டறைக்கார அம்மாள் லோகாம்பாளைப் பிடித்தேன். வம்பில் எனக்கு மூத்தவள். இருபது வருடமாக இந்த ஒன்றை மட்டும் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தாள்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வருவதற்கு முந்தைய மழையாம். அந்த மதகுக்குள் கசிவு. உள்ளே தவழ்ந்து போய் வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைக்க, ஒல்லியான உடம்பு வேண்டும். தர்மனின் பெண்டாட்டி காந்தா போனாள். தெருப் பெண்கள் ஆளுக்கொரு சேலை கொடுத்து, முடிந்து, அவள் இடுப்பில் கட்டினார்கள். வெளியே முனையைப் பிடித்தது தர்மன். கொஞ்ச நேரத்தில், "சேல அறுந்துடுச்சி, அவ போயிட்டா, மண்ணக் கொட்டுங்க" என்று கத்தினாராம். கொட்டினார்கள். கரை நின்றது. கரையைக் காப்பாற்றினவர் என்று லஸ்கர் வேலையும் அவருக்கே கிடைத்தது.

"நாங்களும் ஆளுக்கொரு கூடை மண்ணு கொட்னோம்டி" என்றாள் லோகாம்பாள்.

மதகு வாயை வெட்டின மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே கிடந்த எலும்புக்கூட்டின் இடுப்பில் சேலை முடிச்சு அப்படியே இருந்தது. மறுமுனை அறுந்திருக்கவில்லை. கத்தியால் வெட்டியிருந்தது.

அவள் கசிவை அடைத்த இடத்தில் கிடக்கவில்லை. வேலையை முடித்துவிட்டுத் திரும்பித் தவழ்ந்து வந்திருக்கிறாள். தலை தெருவைப் பார்த்து இருந்தது. வெளியே வர இன்னும் ஒரு முழம்தான் பாக்கி.