காட்டேரிப் படத்துக்கு வந்த கருத்துகள்

நானும் இரண்டு நண்பர்களும் மந்தைவெளியில் ஒரு காலி ஃபிளாட்டில் எடுத்த ரத்தக்காட்டேரிப் படத்தை இணையத்தில் ஏற்றினோம். காட்டேரியாக நடித்தது நான்தான். மறுநாள் அலுவலகம் போகும் பஸ்ஸில் கருத்துகளைப் படித்தேன்.

“ரத்தமா, ரோஸ்மில்க்கா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். “பல்லு கயண்டு வுழுது, அத்த எடுத்து மாட்டிக்கினு கடிக்கிறான் பாரு” என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பஸ்ஸில் யாராவது என்னை அடையாளம் கண்டுவிடப் போகிறார்களே என்று தேனாம்பேட்டை வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தேன்.

அத்தனை கேலிக்கும் ஒரே ஒருவர் மட்டும் விடாமல் பதில் எழுதியிருந்தார். “பையன் சிரத்தையா பண்ணியிருக்கான். பரிகாசம் பண்ணப்படாது.” பெயர் தெரியாத கணக்குதான். ஆனால் அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். மயிலாப்பூரில் தனியாக இருக்கும் என் அப்பாவின் பேச்சு அது.

சாயங்காலம் அவரிடம் போனேன். போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்.

“விடுங்கோப்பா. அவா சொல்றது சரிதானே” என்றேன்.

“சரியாவே இருக்கட்டும். அதுக்காக இப்படியா பேசறது?”

“நீங்க படத்தைப் பார்த்தேளா?”

அவர் தட்டுவதை நிறுத்தினார்.

“பாதி பார்த்தேன்டா. அதுக்கு மேல முடியலை.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. முன்பின் தெரியாதவர்கள் சிரித்தபோதுகூட இவ்வளவு கூசவில்லை.

“படத்தை இணையத்துலேர்ந்து எடுத்துடறேன்ப்பா” என்றேன்.

“செத்த இரு. இவனுக்கு மட்டும் பதில் போட்டுடறேன்” என்று சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொண்டார்.