மாமி வாங்க மறுத்த பாற்சோறு

ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டு. அதில் சாய்சதுரத் துண்டுகளாக வெட்டி அடுக்கிய பாற்சோறு, ஓரத்தில் சின்னக் கிண்ணத்தில் மிளகாய் இடித்த கட்டைச்சம்பல். மேலே மூடியிருந்த பிளாஸ்டிக் தாளின் உட்புறம் ஆவி படிந்திருந்தது. லண்டன் மோர்டனில் மாமியின் வீட்டு வாசலில் அந்தத் தட்டை நீட்டிக்கொண்டு நின்றவர் பக்கத்து வீட்டுச் சிங்கள அக்கா. இலங்கையில் புதிய சனாதிபதி யாரென்று தெரிந்த மறுநாள் காலை அது. மாமி தட்டைப் பார்த்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். "வேண்டாம் நங்கி" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார். அன்றைக்கு மாமியைப் பார்க்க வந்திருந்த நான் பின்னால் நின்றேன்.

மாமி என் தாய்மாமனின் மனைவி. நான் லண்டனுக்கு வந்த புதிதில் என்னைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர். குரோய்டனில் விசா அலுவலகத்துக்கு என்னோடு வந்து, அதிகாரி என்னிடம் கேட்ட கேள்விக்கெல்லாம் தானே பதில் சொல்லி, இரண்டு தடவை பேச்சு வாங்கியவர். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய் திறக்காது. அது அவருடைய ஒரே மகன். தாயும் தகப்பனும் லண்டன் வந்தபோது, கிளிநொச்சியில் கிடைத்த ஆசிரியர் வேலையை விட மனமில்லாமல், வாறன் வாறன் என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நின்றவன். போரின் கடைசி மாதங்களில் அவனிடமிருந்து தொலைபேசி வருவது நின்றது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

மாமா காலமான பின் மாமிக்குத் துணையாக வந்து வாய்த்தவர்தான் அந்த அக்கா. அவரும் தனி ஆள். மாமி அவரை நங்கி என்று கூப்பிடுவார். சிங்களத்தில் தங்கை என்று அர்த்தம். அவர் மாமியை அக்கா என்பார். அதற்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மாமியின் கண் வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது அவருடைய கார்தான். மாமியின் கறிவேப்பிலைச் செடியில் பாதி அவருடைய சட்டிக்குத்தான் போனது. நாட்டைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. யாரும் சொல்லி வைத்த ஏற்பாடல்ல அது. பேசினால் கெட்டுவிடும் என்று இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்தத் தேர்தல் முடிவு எங்கள் ஆட்களை உலுக்கித்தான் விட்டது. போன தடவை சொற்ப வாக்கு எடுத்தவர், நாட்டை ஆண்டு பழகிய குடும்பங்கள் எதையும் சேராதவர், ஒருகாலத்தில் ஆயுதம் எடுத்து நசுக்கப்பட்ட ஒரு கட்சியின் ஆள். அவர் வருவார் என்று யார் கண்டார்கள்? தமிழ்க் கடையில் வெண்டிக்காயின் நுனியை முறித்துப் பார்த்தபடியே ஒருவர், "ஆர் வந்தாலும் எங்களுக்கு உதுதான்" என்றார். "இல்லை அண்ணை, உது வேற மாதிரிக் கிடக்கு, பொறுத்துப் பாப்பம்" என்றார் கல்லாவில் நின்றவர். ஒரு மாதமாக வேறொருவர்தான் வெல்வார் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்த எங்கள் உறவினர் ஒருவர், தனக்கு இது முதலே தெரியும் என்று வட்ஸ்அப்பில் நீளமாகக் குரல் பதிவு போட்டார். வால்தம்ஸ்டோவில் இருக்கும் என் தம்பி, வருகிற கோடைக்கு யாழ்ப்பாணம் போக டிக்கெட் பார்க்கத் தொடங்கிவிட்டான். "இது எங்களுக்கு நல்லதோ கெட்டதோ?" என்று என் மகள் கேட்டாள். அப்படியொரு கேள்வியை அவள் கேட்டதே எனக்குப் புதினமாக இருந்தது.

மாமி தொலைக்காட்சிப் பக்கம் திரும்பவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "வாறவர் முதல் எங்கட பிள்ளையள் எங்கையெண்டு சொல்லட்டும். பிறகு பாப்பம்" என்றார். பிள்ளைகள் என்று பொதுவாகச் சொன்னாலும் யாரை நினைத்துச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும்.

பாற்சோறு மாமிக்கு என்ன என்பதைச் சொல்ல வேண்டும். போர் முடிந்த அந்த வைகாசியில், லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் மகனின் படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் நின்று, குரல் கட்டிப்போய் வீட்டுக்கு வந்தவர் மாமி. வந்து தொலைக்காட்சியைப் போட்டால், கொழும்புத் தெருவில் கொடி பிடித்து ஆடுகிறார்கள். போகிற வருகிறவர்களுக்கெல்லாம் பாற்சோறு கொடுக்கிறார்கள். அதற்குப் பிறகு மாமி வீட்டில் தேங்காய்ப்பால் விட்ட வெள்ளைச் சோறு வெந்ததே இல்லை. தைப்பொங்கலுக்கும் சர்க்கரை போட்ட சிவப்பரிசிப் புக்கைதான். அக்காவுக்கு இது எதுவும் தெரியாது. அவருடைய ஆட்களுக்கு வருடப் பிறப்பு என்றாலும், புது வீடு என்றாலும், எந்த நல்ல காரியம் தொடங்கினாலும் பாற்சோறுதான். நல்லது நடந்திருக்கிறது, மாமிக்கும் கொடுப்போம் என்று கொண்டுவந்திருக்கிறார்.

அந்தக் கிழமை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் போகப்போவதாக மாமி அறிவித்தார். "உந்தக் கண்ணோடை பஸ்ஸிலயோ?" என்று கேட்டேன். "கண்தான் தெரியாது, வழி தெரியும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருட உறவு ஒரு தட்டுச் சோற்றில் முடிந்துவிடுமா என்று பயமும் வந்தது. அந்த அக்கா இல்லாவிட்டால் மாமிக்கு அந்தத் தெருவில் யாரும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பின்வளவில் மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் கிளிப் எடுத்துக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அக்கா வேலியருகே வந்தார். இருவரும் பேசியது, மாமி கொழும்பில் இருந்த காலத்தில் பழகிய சிங்களமும் இங்கே பழகிய ஆங்கிலமும் கலந்த பேச்சு. எனக்கு விளங்கியபடி தமிழில் தருகிறேன்.

"நான் என்ன பிழை செய்தேன், அக்கா?"

மாமி கொடியில் இருந்து கையை எடுக்கவில்லை. "என்ரை மகன் எங்கையெண்டு தெரியாமல் நான் அலைஞ்ச நேரம், உங்கட ஆக்கள் றோட்டில நிண்டு உந்தச் சோத்தைத்தான் குடுத்தவை."

அக்கா வேலிப் பலகையைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு மகன் இருந்தாரா?"

"இருந்தவரோ எண்டு கேளாதையும். இருக்கிறான்."

அக்கா மெல்லச் சொன்னார். எண்பதுகளின் கடைசி. மாத்தறையில் அவர்கள் வீடு. தம்பி பள்ளிக்கூடப் படிப்புக்கூட முடிக்கவில்லை. சுவரொட்டி ஒட்டினான் என்று வந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். "வந்தது எங்கள் இராணுவம்தான் அக்கா. சிங்களத்தில்தான் கூப்பிட்டார்கள். அம்மா சாகும்வரை கதவுக்குப் பூட்டுப் போட விடவில்லை, அவன் வந்தால் வெளியில் நிற்பானே என்று." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் சுவரொட்டி ஒட்டிய கட்சிதான் இப்போது வென்றது. அவனை நினைத்துத்தான் அதைச் சமைத்தேன்."

சிங்களத் தெற்கிலும் அப்படி ஒரு காலம் இருந்ததென்று நான் படித்திருக்கிறேன். அது வேலிக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமாகக் குடியிருந்தது என்று எனக்குத் தெரியாது. மாமிக்கும் தெரியாது. ஈர உடுப்பைக் கூடையில் போட்டுவிட்டு மாமி வேலியடிக்குப் போனார்.

"தம்பிக்கு என்ன பேர்?"

அக்கா சொன்னார். மாமி அந்தப் பெயரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு, "அந்தச் சோறு கிடக்கோ?" என்று கேட்டார். எறிந்துவிட்டேன் என்றார் அக்கா. "சோத்தைக் கொண்டுபோய் எறியிறதோ? நல்ல விசர் வேலை பாத்தீர்" என்று மாமி ஏசத் தொடங்கினார். மாமி யாரையாவது ஏசினால் அவர் பழையபடி ஆகிவிட்டார் என்று அர்த்தம்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அக்காவின் காரிலேயே போனோம். திரும்பும் வழியில் காரைக் கோயிலுக்கு விடச் சொன்னார் மாமி. மகனுக்கு மாமி ஒருநாளும் திவசம் செய்ததில்லை. செய்யச் சொல்லி வந்த உறவுக்காரர்கள் ஏச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். உயிரோடு இருப்பவர்களுக்குச் செய்வது அர்ச்சனை. அதைத்தான் வெள்ளி தவறாமல் செய்வித்தார். அன்றைக்கும் அர்ச்சனைத் தட்டோடு போய் மகனின் பெயரையும் சதய நட்சத்திரத்தையும் சொன்னார். அடுத்து ஒரு சிங்களப் பெயரைச் சொன்னார். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா பதறிப்போய், "அவன் இல்லையென்று பிக்குகளுக்குத் தானம் கொடுத்து எல்லாம் முடித்துவிட்டோமே அக்கா" என்று காதுக்குள் சொன்னார்.

"ஆர் கண்டவை?" என்றார் மாமி.

ஐயர் நட்சத்திரம் கேட்டார். அக்காவுக்குத் தெரியவில்லை. அது தாய்க்குத்தான் தெரியும், தாய் இல்லை. நட்சத்திரம் தெரியாவிட்டால் சுவாமி பெயருக்குச் செய்துவிடலாம் என்றார் ஐயர்.

"சாமிக்கு என்ன குறை, ஐயா? பிள்ளைக்குச் செய்யுங்கோ. என்ரை மகன்ரை நட்சத்திரத்தையே சொல்லுங்கோ."

போன மாரிக்குளிரில் மாமி கண்ணை மூடினார். பிள்ளைகள் எங்கே என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. பொறுத்துப் பார்ப்போம் என்றவர்களும் யார் வந்து என்ன என்றவர்களும் தமிழ்க் கடையில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். எனக்கு அரசியலில் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனாலும் அந்தத் தேர்தல் நடக்காவிட்டால் அந்த வேலியடியில் அப்படி ஒரு பேச்சு நடந்திராது, அது எனக்கு நிச்சயம். மாமி இல்லாத முதல் வெள்ளிக்கிழமை, இனி மச்சானுக்கு யார் அர்ச்சனை செய்வார்கள் என்று மனம் கேளாமல் கோயிலுக்குப் போனேன். அங்கே அக்கா எனக்கு முன்பே வந்து, தட்டோடு வரிசையில் நின்றார். அன்றைக்குப் பூசைக்கு நின்றவர் புது ஐயர். அக்கா இரண்டு பெயரையும் ஒரே நட்சத்திரத்தையும் சொன்னார். மாமியின் மகன் பெயர்தான் முதலில்.

"ரெண்டு பேருக்கும் சதயமோ?" என்று கேட்டார் ஐயர்.

"ஓம்" என்றார் அக்கா.